அரச கொள்கையும் குடும்ப அமைப்பும்: புத்தளக் கரையோரம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

குடும்பம் பற்றித் தமிழில் எழுதப்பட்டு வந்துள்ள கட்டுரைகளைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். அவற்றுட் பெரும்பாலானவை குடும்பத்தைப் பண்பாட்டின் பொருளாகவோ ஒழுக்கத்தின் பொருளாகவோ மட்டுமே கருதுகின்றன. மரபு அதனைக் காத்தது, நவீன வாழ்வு அதனைக் கெடுத்தது என்ற வாய்பாட்டுக்குள் கட்டுரை தொடங்கி அதற்குள்ளேயே முடிந்துவிடுகின்றது. இவ்வாய்பாட்டில் அறவே விடுபட்டுப் போவது அரசு. பங்கீட்டு அட்டை, காணி உறுதி, விவாகப் பதிவு, பாடசாலை மொழி, கடவுச்சீட்டு என்பன குடும்பத்துக்கு வெளியே நிற்கும் நிருவாக விடயங்களாக எண்ணப்படுகின்றன. ஆனால், யார் யாரோடு ஒரே கூரையின்கீழ் வாழலாம், யாருடைய பெயரில் வீடு இருக்கலாம், பிள்ளையை விட்டுப் பிரிந்து செல்ல எந்தத் தாய்க்கு அனுமதி உண்டு என்பனவற்றைக் கடந்த நூறாண்டுகளில் மரபு தனித்துத் தீர்மானித்ததில்லை. கிராம அலுவலரின் மேசையும் தீர்மானித்தே வந்துள்ளது. புத்தள மாவட்டக் கரையோரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்க முற்படுவதும், இவ்விடயத்தில் நமது ஆய்வும் இலக்கியமும் நடந்துகொண்ட முறையை மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தெற்கே மகா ஓயா கடலோடு கலக்கும் இடத்திலிருந்து வடக்கே வில்பத்துக் காட்டின் விளிம்புவரை நீளும் இக்கரையோரம் சமூகவியலாளனுக்கு வாய்ப்பானதொரு களம். வெண்ணப்புவ, மாரவில, சிலாபம் ஆகிய இடங்களைச் சூழக் கத்தோலிக்க மீனவர் ஊர்கள்; அவற்றிற்கு வடக்கே முன்னேஸ்வரத்தையும் உடப்பையும் மையமாகக் கொண்ட தமிழ் இந்துக்கள்; அதற்கும் வடக்கே களப்பைச் சூழ்ந்தும் கற்பிட்டித் தீபகற்பத்திலும் முஸ்லிம்கள். இவர்களனைவரும் ஒரே கடலையும் ஒரே உவர் நிலத்தையும் நம்பி வாழ்ந்தவர்கள். இன்று அவர்களின் குடும்பங்கள் மூன்று வெவ்வேறு வடிவங்களில் இருக்கின்றன என்றால் அதற்குக் கடலைக் காரணமாகச் சொல்ல முடியாது. சமயத்தையும் முழுக் காரணமாகச் சொல்ல முடியாது என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

இப்பகுதியின் வழக்காறுகளை முதன்முதலில் முறையாக எழுதிவைத்தவர் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807–1860) ஆவார். 1834இல் இலங்கைக் கசற்றியரையும் 1859இல் தமிழ் புளூராக்கையும் வெளியிட்ட அவரைத் தமிழுலகம் புலவர் வரலாற்றாசிரியராகவே நினைவிற் கொண்டுள்ளது. ஆயின் அவர் புத்தளத்தில் மணியகாரராகவும், பின்னர்ச் சிலாபத்தில் நீதிபதியாகவும் பணியாற்றியவர் என்பது மனங்கொளத்தக்கது. வழக்காற்றைப் பதிவுசெய்தவரும் வழக்கைத் தீர்த்தவரும் வரி பற்றி அறிந்தவரும் ஒருவரே. எழுத்தில் ஏறாத வழக்கம் எழுத்தில் ஏறியபோதே அது அரச விவகாரமாகிவிட்டது எனலாம். எனவே, ‘அரசு தலையிடுவதற்கு முந்திய தூய மரபுக் குடும்பம்’ ஒன்றைத் தேடி இக்கரையோரத்தில் அலைவோருக்கு ஏமாற்றமே எஞ்சும்.

கத்தோலிக்க மீனவர் ஊர்களைப் பொறுத்தவரை இரண்டு மாற்றங்களைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். முதலாவது தொழில் பற்றியது. 1950களின் பிற்பகுதியிலிருந்து அரசு இயந்திரப் படகுகளைத் தவணைக் கடனில் வழங்கத் தொடங்கியது. சிலாபத்துக்கு வடக்கேயுள்ள கரையோர ஊரொன்றில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் ஆர். எல். ஸ்ரிறற் 1988இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே மீனவரோடு மீன்காரிகளையும் மீன் வியாபாரிகளையும் சேர்த்தமை காரணமின்றியன்று. கணவன் கடலிலும் மனைவி கரையில் விற்பனையிலும் வீட்டுப் பணத்திலும் பொறுப்பேற்கும் ஏற்பாடு அங்கு நிலவியது. கடனுதவி படகுக்கு வந்தது. படகு ஆணின் பெயரிற் பதிவாயிற்று. கரையில் நின்ற பெண்ணின் தொழில் எந்தத் திட்டத்திலும் தொழிலாகக் கணிக்கப்படவில்லை. வீட்டுக்குள் அதிகாரம் இடம்மாறிய கதைக்கு இதனைக் காட்டிலும் வெளிப்படையான தொடக்கம் வேண்டியதில்லை.

இரண்டாவது மொழி. இவ்வூர்களில் ஒரு காலத்தில் வீட்டு மொழியாக இருந்த தமிழ், பள்ளிக்கூடத்தினதும் கோயிற் பங்கினதும் மொழி சிங்களமாகியபோது பின்வாங்கியது. 1940 முதல் 1972 வரை சிலாபத்தின் ஆயராக விளங்கிய எட்மன்ட் பீரிஸ் ஆண்டகையின் காலம் இம்மாற்றத்தின் முக்கிய காலம். அரச கல்விக் கொள்கை சுயமொழிப் போதனைக்குத் திரும்பியபோது ‘எது இப்பிள்ளையின் சுயமொழி’ என்ற கேள்வி இங்கு எழுந்தது. விடையைப் பிள்ளையின் பாட்டியிடம் எவரும் கேட்கவில்லை. பாட்டி தமிழிற் செபம் சொல்ல, தாய் இரண்டிலும் பேச, பேரப்பிள்ளை சிங்களத்தில் மட்டும் படித்த மூன்று தலைமுறை வீடுகள் தோன்றின. மொழி மாற்றம் பற்றிய விவாதங்கள் இனத்தின் எண்ணிக்கையைப் பற்றியே பேசுகின்றன. ஒரே வீட்டிற் பாட்டியின் கதைகள் கேட்பாரின்றிப் போனமை எந்தக் குடிமதிப்பு அட்டவணையிலும் வராது. இது தனியே விரிவாக ஆராயப்பட வேண்டிய பொருளாதலின் இவ்வளவோடு விடுகின்றேன்.

*

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள் தம் ஊர்களை இழந்தனர். யாழ்ப்பாண நகரத்தவர்க்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் மணிக்கணக்கிலானது. மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அவ்வாறு வந்தோரிற் பெரும்பகுதியினர் புத்தள மாவட்டத்திலேயே தங்கினர். தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்விதழில் இதனை எழுதும்போது, இக்கொடுமை தமிழின் பெயராற் செய்யப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதாதிருப்பது நேர்மையாகாது.

இவ்விடம்பெயர்வை எழுதியோர் இழப்பை வீடு, காணி, நகை, கடை, படகு எனக் கணக்கிட்டனர். பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியராக விளங்கிய காலஞ்சென்ற எஸ். எச். ஹஸ்புல்லாஹ் 2001இல் வெளியிட்ட, மறக்கப்பட்ட மக்கள் என இவர்களை அழைக்கும் ஆங்கில நூல் அவ்வகையில் முன்னோடியானது; அவ்வுழைப்பு இல்லாதிருப்பின் இவ்விழப்பின் அளவே உலகுக்குத் தெரிந்திராது. ஆயினும் சொத்து அட்டவணைக்கென்று ஒரு வரம்பு உண்டு. அது வீட்டை விலையாகக் காட்டும். அவ்வீடு எந்த மகளுக்குச் சீதனமாக எண்ணி வைக்கப்பட்டிருந்தது என்பதைக் காட்டாது. வடபுலத்து முஸ்லிம்களிடையே வீடு பெரும்பாலும் பெண் வழியே கைமாறுவது. உம்மாவின் வீடு மூத்த மகளுக்கு, அடுத்தவளுக்கு வளவில் இன்னொரு வீடு, மருமகன் வந்து சேர்வது பெண் வீட்டில் என்பதே ஒழுங்கு. ஆகவே, 1990இல் ஒரு குடும்பம் வீட்டை இழந்தது என்பதன் முழுப்பொருள், தன் பெண்களை மணமுடித்துக் கொடுக்கும் வழியையும் இழந்தது என்பதாகும். வாப்பா கடை வைத்து உழைத்த பணம் சுவராகியிருந்தது. அச்சுவர் வடக்கில் நின்றது. மகள் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தாள்.

இந்த இடத்தை மிகக் கூர்மையாகப் பற்றிக்கொண்டவர் ஷாரிக்கா திராணகம. 2011இல் வெளிவந்த, ‘என் தாயின் வீட்டில்’ என்று பொருள்படும் அவரது ஆங்கில நூல், வீடும் ஊரும் தலைமுறைகளுக்கிடையே எவ்வாறு கையளிக்கப்படுகின்றன என்பதைப் புத்தளத்து முகாம்களில் வாழ்ந்தோர் வாயிலாகவும் ஆராய்கின்றது. முதியோர்க்கு வடக்கு ஊராகவும் இளையோர்க்குப் புத்தளம் ஊராகவும் பிரிந்து நிற்கும் நிலையை அவர் உணர்த்தும் விதம் பாராட்டத்தக்கது. ஆயின் அந்நூலின் அக்கறை நினைவும் சொந்தமும்; கூலியும் அனுப்புபணமும் அதன் மையப் பொருளல்ல. சீதன வீட்டின் சுவர் இடிந்த துயரை அதிற் காண்கிறோம். புதிய சுவரை எழுப்பியது யாருடைய உழைப்பு என்ற கேள்வியை நாமே தொடர வேண்டியுள்ளது.

சட்டத்தின் பக்கம் இங்கு ஒரு விந்தை உண்டு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியை அங்கீகரிக்கின்றது. மணமகளின் பயன்பாட்டுக்கென மணமகனிடம் கொடுக்கப்படும் பணம் அல்லது அசையும் ஆதனம் என்பதே அதன் பொருள்வரையறை. அதனை மீட்கக் காதி நீதிமன்றத்தை நாடலாம். வீடோ அசையா ஆதனம். பெற்றோர் தரும் கொடைகளுள் மிகப் பெரியது இவ்வரையறைக்குள் அடங்கவில்லை. வீடும் வளவும் இருந்த காலத்தில் இது பெரிதாகத் தோன்றவில்லை. உறுதி பெண்ணின் பெயரில் இருந்தால் அதுவே போதுமாயிருந்தது. வீடற்ற முகாம் வாழ்வில் மாப்பிள்ளைக்குக் கொடுக்க எஞ்சியது காசு ஒன்றே. அசையாப் பொருளாகப் பெண்ணிடம் நின்ற செல்வம் அசையும் பொருளாக ஆணிடம் செல்வதற்கு இடப்பெயர்வு வழி திறந்துவிட்டது. சீதனத்தைச் சமயத்துக்கு முரணான வழக்கமென்று மேடைகளிற் கண்டிப்போர் வீட்டையும் காசையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. பெண்ணின் நிலையிலிருந்து பார்த்தால் இவை இரண்டும் ஒன்றல்ல.

அடுத்து நிவாரணம். உலர் உணவு வழங்குவதற்குக் குடும்பங்களை எண்ண வேண்டும். எண்ணுவதற்குக் குடும்பம் எது என்று சொல்ல வேண்டும். ஊர் வழக்கிற் குடும்பம் என்றால் விரிந்த உறவு வட்டம். நிருவாக வழக்கில் ஒரு தலைவரும் அவரைச் சார்ந்தோரும். தலைவர் எனும் இடத்தில் ஆணின் பெயரை எழுதுவது நமது அலுவலகங்களின் பழக்கம். வீடு பெண்ணுடையதாயிருந்த சமூகத்தில், அட்டை ஆணுடையதாயிற்று. அட்டையோ ஒரு நாளின் நிலையைக் குறித்து வைப்பது, மக்களோ வளர்கிறார்கள். 1990இல் உம்மாவின் இடுப்பில் வந்த பெண்குழந்தை 2010இல் தானே தாயாகியிருப்பாள். அவளை வந்த குடும்பத்தோடு எண்ணுவதா, தனிக் குடும்பமாக எண்ணுவதா? 2007இல் உலக வங்கியின் நிதியுதவியோடு தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டம் போன்றதொரு முயற்சிக்கு இக்கேள்வி பொருளற்ற கேள்வியன்று. விடையைப் பொறுத்து வீடு ஒன்றா மூன்றா என்பது அமையும். காணி உரிமையைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்ற தேவையும் இதனோடு சேர்ந்துகொண்டது. வெங்காயத் தோட்டக் கூலியிலும் நகை விற்ற காசிலும் பத்துப் பேர்ச் காணியை வாங்கியவர் எவராயினும், உறுதியில் யார் பெயர் எழுதப்படுகிறதோ அவர் வழியே அடுத்த தலைமுறையின் உரிமை அமைகிறது.

இது புத்தளத்துக்கு மட்டும் உரிய சிக்கலன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கிழக்குக் கரையில், பெண்களின் சீதனமாயிருந்த வீடுகள் அழிந்த இடத்திற் கட்டப்பட்ட புதிய வீடுகள் குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆண்களுக்கு எழுதப்பட்டமை ஆய்வாளர் பலரின் கவனத்தை ஈர்த்தது. தாய்வழிக் குடிமுறை வலுவாயிருந்த மட்டக்களப்பு, அக்கரைப்பற்றுப் பகுதிகளிலேயே இது நிகழ்ந்தது. நல்லெண்ணம் கொண்ட கொடையாளர் எவரும் அவ்வாறு செய்யத் திட்டமிடவில்லை. படிவத்தில் இருந்த ஒரு கட்டம் அவ்வேலையைச் செய்து முடித்தது.

*

புதிய சுவரை எழுப்பியது யாருடைய உழைப்பு என்ற கேள்விக்கு இனி வருவோம். கற்பிட்டித் தீபகற்பத்தின் மணற்பாங்கான வெங்காயத் தோட்டங்களிலும் புத்தளத்து உப்பளங்களிலும் இறால் பண்ணைகளிலும் இடம்பெயர்ந்தோர் நாட்கூலிகளாயினர். அங்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி வேறு. அதனினும் கூடிய வருவாய்க்கு இருந்த வழி மத்திய கிழக்கு. 1977இன் பொருளாதாரத் திறப்புக்குப் பின்னர் இலங்கைப் பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்லத் தொடங்கினர். 1985இல் தனிச் சட்டத்தின் மூலம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் பதிவுபெற்று வெளிநாடு சென்றோரில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் பெண்கள். புத்தளம், இப்பெண்கள் அதிகமாகச் சென்ற மாவட்டங்களுள் ஒன்று. ஊரவர், இடம்பெயர்ந்தோர் என்ற வேறுபாடின்றி, முஸ்லிம், சிங்களம், தமிழ் என்ற வேறுபாடும் இன்றி, வீட்டுக்கு அத்திவாரம் இடவும் தங்கையை மணமுடிக்கவும் கடனைத் தீர்க்கவும் பெண்கள் சென்றனர்.

அவர்கள் அனுப்பிய பணத்தை அரசு வரவேற்றது. அவர்கள் சென்றதை அரசு வரவேற்றதா என்பது வேறு கேள்வி. 2007இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் வெளிநாடு செல்வதைத் தடுக்க அமைச்சரவை முயன்றது. எதிர்ப்பின் காரணமாக அது நடைமுறைக்கு வரவில்லை. 2013 ஜனவரி 9ஆம் நாள் மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் சவூதி அரேபியாவில் மரண தண்டனைக்கு உள்ளானார். பிறந்த ஆண்டு 1988, கடவுச்சீட்டில் 1982. வயதைக் கூட்டிச் சிறுமியொருத்தியை அனுப்பிவைத்த முகவர் வலையமைப்பே அக்கொடிய நிகழ்வில் இலங்கைத் தரப்பின் முதற்குற்றம். அரசின் மறுமொழி என்னவாயிருந்தது? வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களின் குறைந்த வயது உயர்த்தப்பட்டது. சவூதி அரேபியாவுக்கு அது 25. அதனைப் புரிந்துகொள்ளலாம். ஆனால், அதே ஆண்டின் நடுப்பகுதியில் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ என்ற புதிய தேவையும் வந்தது. பெண் வேலைக்குச் செல்ல வேண்டுமாயின் அவளுடைய குடும்ப நிலையைக் கிராம அலுவலரும் பிரதேச செயலகமும் ஆராய்ந்து பரிந்துரைக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருப்பின் பரிந்துரை இல்லை. அதற்கு மேற்பட்ட வயதினராயின், பிள்ளைகளைப் பராமரிப்பவர் யார் என்று காட்ட வேண்டும். ரிசானா தாயல்லர், அவருக்குப் பிள்ளையில்லை. அவருடைய மரணத்திலிருந்து தாய்மாரைத் தடுக்கும் விதி எவ்வாறு பிறந்தது என்பதைத் தருக்கத்தால் விளக்க முடியாது. பெண் வெளியே சென்றதே தவறு என்ற மனப்பாங்கொன்றே இரண்டையும் இணைக்கின்றது.

அறிக்கையை ஒரு நூலைத் திறனாய்வது போலத் திறனாய்ந்து பார்க்கலாம். அதன் கதைத்தலைவி ஒரு தாய். தந்தை அதில் ஓரமாக வந்து கையொப்பமிடுகிறான். அவனே வெளிநாடு செல்வதாயின் அவனுக்கு இத்தகைய அறிக்கை வேண்டியதில்லை. அவன் விட்டுச்செல்லும் பிள்ளையின் வயதை எவரும் கேட்பதில்லை. தாய் சென்றால் குடும்பம் சிதையும், தந்தை சென்றால் குடும்பம் வளரும் என்ற கருதுகோள் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியிலுண்டு. தாய் வீட்டிலிருந்தும் பிள்ளை பட்டினி கிடக்கலாம் என்பதற்கு அதில் இடமில்லை. வெங்காயத் தோட்டத்துக்கு விடியற்காலையிற் சென்று பொழுதுபட வரும் தாயின் ஒரு வயதுக் குழந்தையை யார் பார்க்கிறார் என்பதற்கும் அதில் இடமில்லை. அத்தாய் உள்ளூரில் உழைக்கும்வரை அரசு அக்கேள்வியைக் கேட்டதில்லை. பிள்ளைப் பராமரிப்பு நிலையம் ஒன்றை அத்தோட்டங்களின் அருகே அமைக்கும் எண்ணம் இச்சுற்றறிக்கையோடு சேர்ந்து பிறக்கவில்லை என்பதும் நோக்கற்பாலது.

இதற்கு மறுப்பாகச் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. தாயின் பிரிவாற் பிள்ளைகள் துன்புறுவது கற்பனையன்று. பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகள், குடிக்கும் தந்தையர், உறவினர் வீட்டில் நேர்ந்த வன்செயல்கள் என்பன உண்மையே. அவற்றை மறுப்பது அறிவுடைமையன்று. ஆனால், தென்மேற்குக் கரையோரக் கிராமமொன்றை ஆராய்ந்து மிஷேல் கம்பர்ட் 2000இல் வெளியிட்ட நூல் காட்டுவதுபோல், இப்பிரிவுகளின் விளைவு வீட்டுக்கு வீடு வேறுபடுகின்றது. பாட்டியும் சின்னம்மாவும் கணவனும் சுமையை எவ்வாறு பங்கிட்டனர் என்பதைப் பொறுத்தே அது அமைந்தது. உம்மும்மாவின் மடி இக்கரையோரத்தில் ஒரு சமூக நிறுவனம். பெண் வீட்டில் மருமகன் வந்து வாழும் ஒழுங்கு இருந்த இடத்தில், தாய் சென்றாலும் தாயின் தாயும் தாயின் சகோதரியும் அதே வளவில் இருந்தனர். அவ்வளவை 1990 குலைத்தது; வீட்டுத் திட்டங்கள் தனித்தனிக் காணிகளிற் சிறு குடும்பங்களை வரிசையாக நிறுத்தின. உறவுக் கூட்டைக் கலைத்த பின்னர், பிள்ளையைப் பார்க்க ஆள் உண்டா என்று தாயிடம் கேட்பது முறையாகாது.

பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் சமவாயத்தின் கீழமைந்த ஐக்கிய நாடுகள் குழு 2017இல் இலங்கையின் அறிக்கையைப் பரிசீலித்தபோது இவ்வேற்பாட்டைக் குறையாகச் சுட்டியது. அரசு அசையவில்லை. அசைத்தது வேறொன்று. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. டொலர் இல்லை, எரிபொருள் இல்லை. அவ்வாண்டு ஜூனில் அமைச்சரவை பிள்ளையின் வயதெல்லையை ஐந்திலிருந்து இரண்டாகக் குறைக்க இணங்கியது. மூன்று வயதுக் குழந்தைக்கு 2021இல் தாய் இன்றியமையாதவளாயிருந்தாள், 2022இல் அவ்வாறில்லை. குழந்தை உளவியலில் அவ்வாண்டு புதிய கண்டுபிடிப்பு எதுவும் நிகழ்ந்ததாகத் தெரியவில்லை.

*

இதே மாவட்டத்தின் தென்முனையில் நிற்கும் வெண்ணப்புவவை இப்போது நோக்குவோம். புத்தளம் நகரத்திலிருந்து பேருந்தில் இரண்டு மணித்தியாலப் பயணம். அவ்வூருக்குச் சின்ன இத்தாலி என்றொரு பட்டப்பெயருண்டு. வீதியோரங்களில் இத்தாலிய பாணியில் எழுந்த மாடிவீடுகள். அங்கும் முதலில் வெளியேறியவர்களுட் பலர் பெண்கள். அங்கும் செய்த தொழில் வீட்டுப் பணியும் முதியோர் பராமரிப்பும். கத்தோலிக்கத் திருச்சபைத் தொடர்புகள் வழியே சென்றனர்; பலர் உரிய பத்திரமின்றியும் சென்றனர். சட்டத்தின் கண்ணில் அவர்கள் வளைகுடா சென்ற சகோதரிகளைவிட மோசமான நிலையிலேயே தொடங்கினர் எனலாம். ஆயின் இத்தாலிய அரசு 1986, 1990, 1995, 1998, 2002 ஆகிய ஆண்டுகளிற் பத்திரமற்றோரை முறைப்படுத்தியது. முறைப்படுத்தப்பட்டவர் போதிய வருமானமும் தகுந்த வீடும் காட்டித் தம் வாழ்க்கைத் துணையையும் வயதுவராத பிள்ளைகளையும் வரவழைக்கும் உரிமையையும் சட்டம் கொடுத்தது. மனைவி முன்னே சென்று கணவனை அழைத்தாள். ஆண் ‘சார்ந்திருப்பவன்’ எனும் கட்டத்தில் எழுதப்பட்ட, நமது படிவங்கள் காணாத புதுமை அது.

வளைகுடாவின் கஃபாலா முறையிலோ பணிப்பெண்ணின் இருப்பு வேலைகொள்வோரின் பொறுப்பில் உள்ளது. இரண்டாண்டு ஒப்பந்தம், பின்னர் திரும்புதல், மீண்டும் ஒப்பந்தம். பிள்ளையை அழைத்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே மாவட்டம், ஒரே தொழில், ஏறத்தாழ ஒரே காலம். ஒருத்தியின் குடும்பம் மிலானிலோ நாப்போலியிலோ மீண்டும் ஒன்றுகூடுகின்றது. மற்றவளின் குடும்பம் சிதைந்த குடும்பம் என்ற பெயரைப் பெறுகின்றது. முன்னவளின் கதையை நாம் முன்னேற்றம் என்கிறோம். பின்னவளின் கதையைச் சமூகப் பிரச்சினை என்கிறோம். தாய்மையின் அளவு இவ்விருவரிடத்தும் வேறுபட்டதன்று. வேறுபட்டது அவர்களை ஏற்ற நாட்டின் சட்டம். இதனை விளங்கிக்கொள்ளாது, முஸ்லிம் குடும்பத்தின் பலவீனம் என்றோ கத்தோலிக்கக் குடும்பத்தின் உறுதி என்றோ பேசுவது ஆய்வாகாது.

இத்தாலியச் சட்டத்தையும் தெய்வமாக்க வேண்டியதில்லை. அதற்கும் ஒரு குடும்பப் படிவம் உண்டு. துணையும் சிறு பிள்ளையுமே அதன் உள்ளே. பாட்டிக்கு வழி மிகக் குறுகியது. பேரப்பிள்ளையைப் பத்தாண்டு வளர்த்து விமானமேற்றி அனுப்பிய பாட்டி, மாடிவீட்டின் கீழ்த்தளத்திற் காவலிருக்கின்றாள். தமிழில் செபம் சொன்ன அந்த முந்திய பாட்டியைப் போலவே இவளுக்கும் பேரப்பிள்ளையின் மொழி பிடிபடுவதில்லை. இம்முறை அம்மொழி இத்தாலியம்.

நமது இலக்கியம் இவ்விடயத்தில் என்ன செய்தது? வளைகுடாப் பணிப்பெண்ணைப் பற்றிய ஈழத்துச் சிறுகதைகளைப் படித்தோர் அவற்றின் பொதுவான கட்டமைப்பை அறிவர். வறுமை, புறப்பாடு, அங்கே துன்பம், இங்கே கணவன் தவறிப்போதல், திரும்பிவரும்போது பிள்ளை தாயை அடையாளம் காணாதிருத்தல். பெருஞ்சிறுபான்மைக் கதைகள் இதிலிருந்து விலகி நல்ல படைப்புகளாயுள்ளன என்பதை மறுக்கவில்லை. ஆயினும் பொதுப்போக்கு இரங்கற்பா. எழுத்தாளர் கண்ணீருடன் சொல்வதையே சுற்றறிக்கை கண்ணீரின்றிச் சொல்லியது: போயிருக்கக் கூடாது. 2013இன் ஏற்பாட்டுக்குச் சமூகத்திற் பரவலான இணக்கம் கிடைத்ததற்கு இக்கதைகள் வளர்த்த உணர்வும் ஒரு காரணம் என்று கூறின் எழுத்தாள நண்பர்கள் சினங்கொள்ளலாம். அவள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீட்டின் உறுதி யார் பெயரில் உள்ளது என்று கேட்கும் கதையை இக்கட்டுரையாளர் அரிதாகவே கண்டிருக்கிறார். சமூக நோக்குடைய இலக்கியம் என்று நெடுங்காலம் வாதாடிய நாம், குடும்பத்தின் வாசலில் வந்தவுடன் அந்நோக்கைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்கிறோம்.

போர் 2009இல் முடிந்த பின்னர் இச்சிக்கல் இன்னொரு மடிப்பைப் பெற்றது. மன்னாருக்கும் முசலிக்கும் மீளத் திரும்பியோரிற் பலர் முழுக் குடும்பமாகத் திரும்பவில்லை. காணியைத் துப்புரவாக்கவும் உரிமையை நிலைநாட்டவும் வாப்பா வடக்கே சென்றார். பிள்ளைகளின் படிப்புக்காக உம்மா புத்தளத்தில் நின்றார். மணமுடித்த மகள் புத்தளத்தவளாகிவிட்டாள். வாக்கு ஓரிடத்தில், வாழ்வு ஓரிடத்தில் என்ற நிலையில், 2019 ஜனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றோரின் பேருந்துகள் வழியில் தாக்கப்பட்டன. அத்தகைய வீடொன்றிலிருந்து ஒரு மகள் குவைத்துக்கோ சவூதிக்கோ புறப்பட்டால், அவளுடைய குடும்பப் பின்னணியை எந்த ஊரின் கிராம அலுவலர் எழுதுவார் என்பது வெறும் நிருவாக ஐயமன்று; எந்த ஊர் அவளுடையது என்ற பழைய கேள்வியே அது.

இவற்றையெல்லாம் உறுதிப்படுத்தவோ மறுக்கவோ தேவையான மூலங்கள் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. 2013 முதல் எழுதப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கைகள் பிரதேச செயலகங்கள் வழியே சென்றவை. பரிந்துரை மறுக்கப்பட்டவையும் அவற்றுள் அடங்கும். காதி நீதிமன்றப் பதிவேடுகளில் மஹரும் கைக்கூலியும் ஆண்டு ஆண்டாக எழுதப்பட்டுள்ளன. 1990க்கு முன்னும் பின்னுமாக அவற்றை ஒப்பிடலாம். காணிப் பதிவகத்தில் உறுதிகளில் உள்ள பெயர்களை ஆண், பெண் எனப் பிரித்து எண்ணலாம். தமிழும் சமூகவியலும் சட்டமும் பயிலும் மாணவர் மூவர் சேர்ந்து, பெயர்களை மறைத்து, கற்பிட்டிப் பிரதேசத்தையும் வெண்ணப்புவப் பிரதேசத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஓராண்டு உழைத்தாற் போதும். முதலில் மறுக்கப்பட்ட அறிக்கைகளிலிருந்து தொடங்குவது நல்லது. மறுக்கப்பட்ட பின்னர் அப்பெண்கள் எவ்வழியாற் சென்றார்கள், அல்லது செல்லாமல் எதைச் செய்து பிள்ளைகளை வளர்த்தார்கள் என்பதை நேரிற் கேட்டறிய வேண்டியிருக்கும்.